புது காருக்கு என்ன பூசுவது? டெஃப்ளான், செராமிக், பி.பி.எஃப், மெழுகு: சில குறிப்புகள்

புது கார் புக் பண்ணினவர்களுக்கு, டெலிவரிக்கு நாலைந்து நாள் முன்னால் ஷோரூமிலிருந்து ஒரு போன் வரும். "சார், ஆக்சசரீஸ் ஃபைனல் பண்ணிடலாமா?" ஃப்ளோர் மேட், மட் ஃபிளாப், சீட் கவர் என்று ஆரம்பித்து, கடைசியில் பெயின்ட் பாதுகாப்பு என்ற வரியில் வந்து நிற்கும். எனக்கு வாட்ஸப்பில் வந்த தாளில் மூன்று வகை இருந்தது. டெஃப்ளான் கோட்டிங் 5,500 ரூபாய். செராமிக் கோட்டிங் 28,000 ரூபாய், மூன்று வருட வாரண்டி. முழு பாடிக்கும் பி.பி.எஃப் 95,000 ரூபாய். பேசிய பையன் நல்ல பையன். "செராமிக்காவது போட்டுடுங்க சார். லோன்லயே சேர்த்துடலாம், மாசம் 580 ரூபாதான் கூட வரும்" என்றான்.

அந்த 580 ரூபாயைப் போட்டுப் பார்த்தேன். 9 சதவீத வட்டி, 60 மாதத் தவணை. மொத்தம் 34,800 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதைவிட முக்கியமானது, கோட்டிங்கின் வாரண்டி முடிந்தபிறகும் இரண்டு வருடம் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பேன். ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாளிலும், பிறகு வந்த சில மாதங்களிலும் படித்தது, விசாரித்தது, செய்து பார்த்தது எல்லாவற்றையும் இங்கே குறித்து வைக்கிறேன். புது கார் வாங்கப்போகிற யாருக்காவது பயன்படலாம்.

முதலில், நாம் பாதுகாக்கப்போவது எவ்வளவு மெல்லிசான பொருள் என்று தெரிந்துகொள்வது நல்லது. தொழிற்சாலையில் காரின் இரும்பு உடலை முதலில் பாஸ்பேட் கரைசலில் குளிப்பாட்டுகிறார்கள். அப்புறம் ஒரு பெரிய தொட்டியில் முழுசாக முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு பிரைமரை ஒட்டவைக்கிறார்கள். ஈ-கோட் என்பது இதுதான். துருவைத் தடுக்கிற வேலையில் பெரும்பங்கு இதற்கு. சுமார் 20 மைக்ரான். அதன்மேல் இன்னொரு பிரைமர், 30 மைக்ரான் சொச்சம். அதன்மேல் நாம் ஷோரூமில் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் நிறம். அது வெறும் 15 மைக்ரான் அளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடி மாதிரியான கிளியர் கோட், 40 முதல் 50 மைக்ரான். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் தடிமன். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் என்றால், கிளியர் கோட் ஒரு முடியைவிட மெல்லிசு.

கார் பளபளவென்று இருப்பதும் மங்கிப்போவதும் இந்தக் கிளியர் கோட்டைப் பொறுத்துதான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற ரசாயனங்களையும் இதில்தான் கலந்திருக்கிறார்கள். மேலே பூசச் சொல்லி விற்கப்படும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த 45 மைக்ரானை எதிலிருந்து காப்பாற்றப் போகிறது?

ஏனென்றால் அதற்கு எதிரிகள் பல வகை. நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரி எறியும் கல் ஒரு வகை. வெயில், காக்கா எச்சம், மரத்திலிருந்து சொட்டும் பிசின், உப்புத் தண்ணீர் இன்னொரு வகை. மூன்றாவது வகையை யாரும் எதிரி என்றே நினைப்பதில்லை: காரைத் துடைக்கிற துணி. விற்கிற பொருட்களில் முக்கால்வாசி இரண்டாவது வகைக்கானவை. ஆனால் நம் ஊர் கார்கள் இரண்டு வருடத்தில் கிழடு தட்டுவதற்குப் பெரிய காரணம் மூன்றாவது வகை. இதைப் புரிந்துகொண்டபிறகு எனக்கு அந்த ஷோரூம் தாள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

எந்த அடுக்ககத்திலும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு மஞ்சள் துணி. முதல் காரில் ஆரம்பித்து இருபதாவது கார்வரை அதே வாளி, அதே துணி. ராத்திரி முழுக்கக் காரின்மேல் படிந்த தூசி, லேசான ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு, கார் முழுக்க இழுக்கப்படுகிறது. சாலைத் தூசியில் கணிசமான பங்கு மணல், அதாவது குவார்ட்ஸ். 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் தாதுக்களை எது எதைக் கீறும் என்று வரிசைப்படுத்தினார். அந்த அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை அளவு. கண்ணாடியையே கீறுகிற மணலை, பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த கிளியர் கோட்டின்மேல் தினமும் தேய்க்கிறோம். 'தினமும் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிற கார்' என்று நாம் பெருமையாகச் சொல்வது, தினமும் உப்புத்தாள் போடப்பட்ட கார். கோழி இறகு பிரஷ்ஷும் அதையேதான் செய்கிறது, கொஞ்சம் நாசூக்காக.

இந்தக் கீறல்கள் ஒவ்வொன்றும் ஒரு மைக்ரான் ஆழம்கூட இருக்காது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் வெளிச்சத்தின் அலைநீளமே அரை மைக்ரான் அளவுதான். வெயிலில் நின்று பானட்டைப் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியுமே, அது இதுதான். யாரோ வட்டமாகத் தேய்த்துவிட்டார்கள் என்று துடைக்கிறவரைத் திட்டுவார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் இருக்கின்றன. வெளிச்சம் விழும் திசைக்குக் குறுக்காக இருக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு மின்னுவதால், அது வட்டம் போலத் தோன்றுகிறது. பழைய எவர்சில்வர் தட்டை பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், அதே வட்டம் அங்கேயும் இருக்கும். தட்டைச் சாய்த்தால் வட்டமும் கூடவே நகரும்.

வெள்ளைக் காரில் இது அவ்வளவாகத் தெரியாது. என்னுடையது அடர் நீலம்.

சரி, இந்தக் கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாமே என்றால், எடுக்கலாம். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது இல்லை. கீறலின் ஆழம்வரை சுற்றியிருக்கும் கிளியர் கோட்டை அரைத்து எடுப்பது. மெஷின் வைத்து காம்பவுண்டு போட்டால் ஒரு தடவைக்கு ரெண்டு முதல் நாலு மைக்ரான் போகும். மொத்தமாக எட்டு, பத்து மைக்ரானுக்கு மேல் எடுக்காதே என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு, அதற்குமேல் போனால் வெயில் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ஆக, வாழ்நாள் முழுக்க ஒரு காருக்கு மூன்று தடவைதான் சரியான பாலிஷ் போட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஃப்ரீ பாலிஷ் சார்" என்று சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுவது உத்தமம்.

இனி பூசும் பொருட்களுக்கு வருவோம்.

டெஃப்ளானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1938இல் டூபான்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பிளாஸ்டிக் அது. அதன்மேல் எதுவும் ஒட்டாது என்பதுதான் அதன் புகழே. அப்படியானால் அது மட்டும் கார்மேல் எப்படி ஒட்டும்? தோசைக்கல்லில் ஒட்டவைக்க உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, தனி பிரைமர் போட்டு, அது உருகுகிற 327 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சுட்டு எடுக்கிறார்கள். காரை அப்படிச் சுட்டால் பெயின்ட் எரிந்துபோகும். பெயின்ட் கடையில் கிளியர் கோட்டுக்குக் கொடுக்கிற சூடே 140 டிகிரி வாக்கில்தான். ஆகவே ஷோரூமில் 'டெஃப்ளான்' என்று பூசுவது பெரும்பாலும் ஏதோ ஒரு பாலிமர் சீலன்ட். அது கெட்ட பொருள் இல்லை. மூன்று நாலு மாதம் வரும். ஆனால் அதே வகைப் பொருள் கடையில் ஒரு பாட்டில் அறுநூறு எழுநூறு ரூபாய், அதில் நாலைந்து தடவை பூசலாம்.

மெழுகில் பெயர்பெற்றது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையில் படியும் மெழுகு. அடர் நிறக் கார்களுக்கு அது கொடுக்கும் ஆழமான மினுமினுப்பை வேறு எதுவும் தராது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அது உருகுவது 82 முதல் 86 டிகிரியில். சென்னையில் மே மாத மத்தியானம் அடர் நிற பானட் 70 டிகிரியைத் தாண்டும். கூடவே கடைகளில் கிடைப்பது சுத்தமான கார்னாபா இல்லை, எண்ணெயும் கரைப்பானும் கலந்து இளக்கியது. குளிர் தேசத்தில் ரெண்டு மாதம் வருவது இங்கே ரெண்டு வாரம், மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் துடைப்பதே தியானம் என்று நினைப்பவர்களுக்குச் சரி.

செராமிக்தான் இப்போது ராஜா. ஆகவே இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம்.

பாட்டிலில் இருப்பது பீங்கானும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சிலிக்கான் சேர்மங்கள், ஒரு கரைப்பானில். பூசியதும் காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்து, கிளியர் கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய படலமாக மாறும். இது நிஜமான வேதியியல். மெழுகு மாதிரி மேலே உட்கார்ந்திருக்காமல் பிணைந்துகொள்வதால் வருடக்கணக்கில் நிற்கிறது. ஷாம்பூவில் போகாது, காரத்துக்கும் லேசான அமிலத்துக்கும் ஈடுகொடுக்கும், அழுக்கு சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும். இதெல்லாம் உண்மை. வீண் என்று ஒதுக்கவேண்டிய பொருள் இல்லை.

பிரச்சினை அதைப் பற்றிச் சொல்லப்படும் இரண்டு வாக்கியங்களில். முதலாவது: "9ஹெச் ஹார்ட்னெஸ் சார், கீறலே விழாது." 9 என்றதும் நமக்கு வைரத்துக்குப் பத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்த மோஸ் அளவுகோல் ஞாபகம் வரும். இது அது இல்லை. இது பென்சில். ஹெச்பி, 2ஹெச் என்று நாம் வரைவதற்கு வாங்கும் அதே பென்சில். பூச்சின்மேல் 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையோடு பென்சிலைத் தள்ளிப் பார்க்கிறார்கள். கீறவில்லை என்றால் அடுத்த கடினமான பென்சில். 9ஹெச் என்றால் அந்த வரிசையின் உச்சத்தில் இருக்கும் பென்சிலாலும் கீறவில்லை என்று அர்த்தம். பென்சில் முனை என்ன? கிராஃபைட்டும் களிமண்ணும். மணலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தவிர, செராமிக் படலத்தின் தடிமனே ஒரு மைக்ரான் அளவு. நெருப்புக் குச்சியால் கீறிக் காட்டும் வீடியோக்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். ஒரு பிடி தெருமண்ணை எடுத்துத் தேய்த்துக் காட்டும் வீடியோவை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது வாக்கியம்: "தாமரை இலைத் தண்ணி மாதிரி நிக்காம ஓடிடும்." இதில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. தாமரை இலைமேல் தண்ணீர்த் துளி ஏறக்குறைய முழு உருண்டையாக நிற்கும். இலைப் பரப்போடு அது 150 டிகிரிக்கும் மேலான கோணம் வைக்கிறது. அதற்குக் காரணம் இலையில் இருக்கும் மெழுகு மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும்தான். 1997இல் பார்த்லாட், நெய்ன்ஹுய்ஸ் என்ற இரண்டு ஜெர்மன் தாவரவியலாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள். வழுவழுப்பான பரப்பில், எந்த ரசாயனத்தைப் பூசினாலும், 120 டிகிரியைத் தாண்டுவது முடியாது. காருக்கு வழுவழுப்பு வேண்டும், இல்லாவிட்டால் பளபளப்பு போய்விடும். ஆகவே செராமிக் போட்ட காரில் தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டு ஓடிவிடாது. முத்து முத்தாக நிற்கும். நிற்கிற முத்து அங்கேயே காயும்.

இங்கேதான் நம்ம ஊர்த் தண்ணீர் உள்ளே வருகிறது. நான் இருப்பது வேளச்சேரி பக்கம். எங்கள் அடுக்ககத்தின் போர் தண்ணீரில் டி.டி.எஸ் மீட்டரை வைத்தால் 1,400 காட்டுகிறது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பத்தக்கது என்று சொல்லும் அளவு 500. 1,400 என்றால் ஒரு லிட்டரில் 1.4 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. கழுவிய பிறகு காரில் தங்கிக் காய்கிற தண்ணீர் அரை லிட்டர் என்று வைத்தால், ஒவ்வொரு தடவையும் 0.7 கிராம் உப்பைப் பூசிக் காயவிடுகிறோம். செராமிக் இல்லாத காரில் அது பரவலாகப் படிந்து லேசாக மங்கும். செராமிக் போட்ட காரில் ஒவ்வொரு முத்தும் தன் உப்பையெல்லாம் ஒரு சின்ன வட்டத்தில் சேர்த்து வைத்துவிட்டு ஆவியாகும். வெயில் பட்டால் அந்த வெள்ளை வட்டம் ஷாம்பூவுக்கு அசையாது. ஆரம்பத்திலேயே பார்த்தால் தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்து ஒத்தி எடுத்துக் கழுவிவிடலாம். விட்டால் பாலிஷ்தான், பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் 28,000 ரூபாய் செராமிக்கும் சேர்ந்து போய்விடும். எனக்குக் காட்டிய வாரண்டித் தாளில், தண்ணீர்க் கறை, கீறல், பறவை எச்சம் மூன்றும் வாரண்டியில் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்து மெயின்டனன்ஸுக்கு வராவிட்டால் வாரண்டியே கிடையாது என்றும் இருந்தது.

நல்ல தண்ணீர், மூடிய பார்க்கிங், தானே கழுவும் பழக்கம் மூன்றும் உள்ளவருக்கு செராமிக் அருமையான பொருள் என்பதே என் கருத்து. அந்த மூன்றும் இல்லாதவருக்குத்தான் அது அதிகமாக விற்கப்படுகிறது.

தண்ணீருக்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தேன், இதைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அது காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து வருவது, கிட்டத்தட்ட வடித்த நீர் மாதிரி. எங்கள் வீட்டு ஏசியின் வெளிக்குழாயில் ஒரு கேன் வைத்தேன். சென்னைப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் ஐந்தாறு லிட்டர் சேர்கிறது. மீட்டர் வைத்தால் 20, 30தான் காட்டுகிறது. போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலை மட்டும் இதில் செய்தால் கறை விழுவதில்லை. இதையே நினைத்துக்கொண்டு சிலர் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சேர்த்துக் கார் கழுவுகிறார்கள். அது நேர் எதிர். மெஷின் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

காக்கா எச்சத்துக்கு வருகிறேன். எங்கள் பார்க்கிங்குக்கு மேலே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். எச்சம் அமிலம், அதனால் பெயின்ட்டை அரிக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். விஷயம் அவ்வளவு எளிது இல்லை. ஈரானின் அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், எச்சத்துக்குப் பதிலாக பேன்கிரியாட்டின் என்ற செரிமான நொதிக் கலவையை கிளியர் கோட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதே மாதிரி பாதிப்பு வந்தது. அதாவது, பறவையின் வயிற்றில் சாப்பாட்டைச் செரிக்கிற நொதிகள் பெயின்ட்டின் பிணைப்புகளையும் மெதுவாக வெட்டுகின்றன. கூடவே வெயிலும். சூட்டில் கிளியர் கோட் இளகும், எச்சம் காய்ந்து சுருங்கும்போது அடியிலிருக்கும் பரப்பையும் இழுத்துச் சுருக்கிவிடும். பிறகு எச்சத்தை எடுத்தாலும் அதன் வரைபடம் அங்கே இருக்கும். இதற்கு எந்தப் பூச்சும் நாள்கணக்கில் காவல் நிற்காது, சில மணி நேர அவகாசம் வாங்கிக் கொடுக்கும். மத்தியான வெயிலுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் டிஷ்யூவும் வைத்திருக்கிறேன். நனைத்து, ரெண்டு நிமிஷம் ஊறவிட்டு, தேய்க்காமல் வழித்து எடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

பி.பி.எஃப் வேறு ஜாதி. வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காப்பாற்றப் போட்ட படலத்தின் வாரிசு. இப்போது வருவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான் தடிமன். அதாவது காரின் மொத்த பெயின்ட்டைவிடக் கனம். இந்தப் பட்டியலில் கல்லடியைத் தாங்கக்கூடிய ஒரே பொருள் இது. துணிக் கீறலையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும், நல்ல ரகமாக இருந்தால் வெயில் சூட்டில் அந்தக் கீறல் தானே மறையும். முழு பாடிக்கும் போட 95,000 ரூபாய் என்பது என் காருக்கு அதிகம். ஆனால் கல் அடிக்கிற இடங்கள் எவை? முன் பம்பர், பானட்டின் முன் விளிம்பு, சைடு மிரரின் முதுகு. நகம் கீறுகிற இடம் கதவுக் கைப்பிடியின் குழி. பெட்டி உரசுகிற இடம் டிக்கியின் வாசல் விளிம்பு. இவற்றுக்கு மட்டும் வெளியே ஒரு கடையில் 14,000 ரூபாய்க்குப் போட்டுக்கொண்டேன். மாதம் ரெண்டு தடவை ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்குப் பின்னால் திருச்சி போய் வருகிறவன் என்பதால் இது எனக்குத் தேவைப்பட்டது. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு கைப்பிடிக் குழி போதும்.

"புது பெயின்ட் மூணு மாசம் மூச்சு விடணும், அதுவரைக்கும் எதையும் பூசாதே" என்று ஒருவர் சொன்னார். இது ஒர்க்‌ஷாப்பில் மறுபடி பெயின்ட் அடித்த கதவுக்கோ பம்பருக்கோ பொருந்தும். அங்கே 60 டிகிரி வாக்கில்தான் சுடுகிறார்கள், கரைப்பான் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். தொழிற்சாலைப் பெயின்ட் 140 டிகிரியில் சுட்டு வந்தது. வந்த அன்றைக்கே பூசலாம்.

ஆனால் பூசுமுன் சுத்தம் செய்யவேண்டும், புது கார்தானே என்று விடக்கூடாது. தொழிற்சாலையிலிருந்து வந்து, ஸ்டாக்யார்டில் வெட்டவெளியில் வாரக்கணக்கில் நின்று, டிரெய்லரில் ஏறி வந்த கார் அது. காரைக் கழுவியபின், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறக்கிற இரும்புத் துகள்கள் குத்திக்கொண்டிருக்கின்றன. இதற்கென்று ஒரு ஸ்பிரே வருகிறது, இரும்பைத் தொட்டால் ஊதா நிறமாகும். மிச்சத்தை டீடெய்லிங் களிமண் எடுக்கும். களிமண்ணை ஷாம்பூத் தண்ணீர் வழவழப்பில் அழுத்தாமல் ஓட்டவேண்டும், கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று, காசே செலவில்லாதது. டெலிவரிக்கு முன் காரைக் கழுவி, துடைத்து, பாலிஷ் போட்டு வைக்கவேண்டாம் என்று ஷோரூமுக்கு வாட்ஸப்பில் எழுத்தாகவே சொல்லிவிடுங்கள். நாளைக்கு இருபது கார் தள்ளவேண்டிய அவசரத்தில் முதல் கீறல் அங்கேதான் விழும். நான் சொன்னபோது அந்தப் பையன் ஆச்சரியப்பட்டான். "தூசியோடவா சார் எடுத்துட்டுப் போவீங்க? மாலை போட்டு போட்டோ எடுக்கணுமே!" போட்டோவில் தூசி தெரியவில்லை.

கடைசியில் நான் வாங்கியவை: இரும்புத்துகள் ஸ்பிரே, களிமண், கழுவுகிற மைக்ரோஃபைபர் கையுறை ரெண்டு, துடைக்கும் துவாலை ஆறு, கார் ஷாம்பூ, சிலிக்கா கலந்த ஸ்பிரே சீலன்ட் ஒரு பாட்டில். எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆயிற்று. வாளிகள் வீட்டிலேயே இருந்தன. ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்குவது. மேலிருந்து கீழே. சீலன்ட்டை ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை, நிழலில், கார் ஆறியபின் அடித்துத் துடைத்தால் இருபது நிமிட வேலை. செராமிக் செய்கிற வேலையில் முக்கால்வாசியை இது செய்கிறது, கறை விழுந்து பாலிஷ் போட நேர்ந்தாலும் போவது ஐம்பது ரூபாய் ஸ்பிரே. தண்ணீர்ப் பஞ்சக் காலத்துக்கு அலசவே தேவையில்லாத கழுவும் திரவமும் இருக்கிறது. 'ஆப்டிமம் நோ ரின்ஸ்' மாதிரி. 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. 2019இல் சென்னை ஏரிகள் வறண்டது நினைவிருக்கிறவர்கள் ஒரு பாட்டில் வாங்கி வைக்கலாம்.

எங்கள் அடுக்ககத்தில் கார் துடைக்கும் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இணையத்தில் இருக்கும் அறிவுரை எல்லாம், முதல் வேலையாக அவரை நிறுத்து என்பதுதான். 22 கார் துடைக்கிறார், காருக்கு மாதம் 600 ரூபாய். என் பெயின்ட்டின் ஒரு மைக்ரானுக்காக அவர் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய்ப் பேசினேன்.

"அண்ணே, தினமும் துடைக்கவேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும், என் வாளி, என் துணியில கழுவிக் கொடுங்க. காசு அதேதான்."

"தொடைக்கலன்னா வண்டி தூசியா நிக்கும் சார். பாக்கறவங்க நான் வேலை செய்யலன்னுதான் சொல்லுவாங்க. அசோசியேஷன்ல கம்ப்ளெய்ன்ட் ஆயிடும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. செகரட்டரியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். பிறகு பார்க்கிங் லைட்டுக்குக் கீழே நின்றிருந்த பக்கத்து வீட்டுக் கறுப்புக் காரின் பானட்டையும், என் காரின் பானட்டையும் காட்டினேன். வட்டங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இத்தினி வருஷமா இது வெயில்ல ஆவுதுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்" என்றார். இப்போது என் காரோடு இன்னும் மூன்று கார்களுக்கு ரெண்டு வாளி முறையில் கழுவுகிறார், அவர்களிடம் மாதம் 900 ரூபாய் கேட்டு வாங்குகிறார். எனக்கும் 900 ஆக்கிவிட்டார், நியாயம்தான். மற்ற கார்களுக்கு இன்னும் அதே மஞ்சள் துணிதான். அந்த 600 ரூபாய்க்கு ரெண்டு வாளித் தண்ணீர் மூன்றாவது மாடியிலிருந்து இறக்க முடியாது என்கிறார்.

துவாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுத் துணிகளோடு போட்டுத் துவைத்தால் பருத்தி நூல் ஒட்டிக்கொள்ளும், தனியாகத்தான் போடவேண்டும். மென்மைக்கு ஊற்றுகிற கண்டிஷனர் கூடாது, இழைகளில் படிந்து தண்ணீரை உறிஞ்சவிடாது. சக்கரத்துக்கு ஒரு நிறம், பாடிக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைத்தால் அண்ணனுக்கும் குழப்பமில்லை. தரையில் விழுந்த துவாலை எவ்வளவு புதுசாக இருந்தாலும் அன்றைக்கே சக்கரக் கூட்டத்துக்குப் போய்விடும்.